வரப்பை வெட்டிய நேர்கோடு: மதுரை வான்தளத்தின் வரலாற்றைத் தேடிய அனுபவம்

எங்கள் அப்பத்தா வாங்கிய ஒரு ஏக்கர் சொச்சம் புன்செய்க்கு 1951இல் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தில், நான்கெல்லை சொல்லும் இடத்தில், ‘ஏரோட்ரோம் எல்லைக்கு வடக்கு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதே நிலத்தின் மூலப்பத்திரம் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் அந்த இடத்தில் ‘வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்றுதான் எழுதியிருக்கிறது. அவனியாபுரத்துக்குத் தெற்கே மாடு மேய்ந்த தரிசும் புன்செய்யும் ஒரு போர்க்கால விமானத் தளமாக மாறிய கதை இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் கிடக்கிறது. நில அளவைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த எனக்கு, சொந்த வீட்டுப் பெட்டியில் இருந்த அந்த வரியைக் கவனித்துப் படிக்க ஓய்வுபெற்ற பிறகுதான் நேரம் வாய்த்தது.

இராணுவ விமானத் தளங்களைப் பற்றி நம் மொழியில் எழுதப்படுபவை பெரும்பாலும் விமானத்திலிருந்து தொடங்குகின்றன. எந்தப் படைப்பிரிவு வந்தது, எந்த ரக விமானம் நின்றது என்பவை சொல்லப்படும். அந்தச் சக்கரங்கள் எதன்மேல் ஓடின என்பது சொல்லப்படுவதில்லை. நான் தொழில் பழக்கத்தால் சர்வே எண்ணிலிருந்து தொடங்கினேன். சுற்றி வளைத்த வழிதான் என்றாலும், அதில் கிடைத்தவை வேறு வழியில் கிடைத்திருக்காது. தங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை போன்ற போர்க்கால ஓடுபாதைகளைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, சரியாகச் செய்தவற்றோடு நான் இடறி விழுந்த இடங்களையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும். மதுரை விமான நிலையம் 1942இல் பிரிட்டிஷ் அரச வான்படையின் தளமாகத் தொடங்கியது. அந்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டால் காரணம் தானே விளங்கும். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் போயிற்று. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதுவரை வடமேற்கு எல்லையை நோக்கியே கண்ணை வைத்திருந்த இந்திய வான்பாதுகாப்பு, திடீரென்று தெற்கையும் கிழக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று. இலங்கைக்கு அருகில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, இரயில் பாதையும் பெரிய நகரமும் பக்கத்தில் அமைந்த சமதரை என்று தேடியவர்களின் கண்ணில் மதுரை பட்டதில் வியப்பில்லை. சூலூர், தஞ்சாவூர், சோழவரம், அரக்கோணம் ஆகிய இடங்களின் ஓடுபாதைகளும் அந்தப் போர்க்காலத்தில் பிறந்தவையே.

இனி நிலத்துக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தின் பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. போர்க்கால பிரிட்டிஷ் வான்படை பெரிய தளங்களில் முதன்மை ஓடுபாதைக்கு வைத்திருந்த பொது அளவு 2,000 கெஜ நீளமும் 50 கெஜ அகலமும் ஆகும். அதாவது 6,000 அடி நீளம். எங்கள் பழைய அளவில் சொன்னால், 66 அடிச் சங்கிலியால் ஏறத்தாழ 91 சங்கிலி. கிராம வரைபடத்தில் இது பதினெட்டு அங்குலக் கோடு. அந்தக் கோடு ஒரே கிராமத்துக்குள் அடங்காமல் போகக்கூடும் என்பதால், பக்கத்துக் கிராமங்களின் தாள்களையும் நகல் வாங்கி, எல்லைக் கற்களின் குறிகளைப் பொருத்தி, வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்து ஒட்டினேன். என் மனைவி இரண்டு வாரம் சமையலறைக்குச் சுவரோரமாக நடந்துதான் போய்வந்தார்.

அந்தத் தாள்களில் எதைத் தேட வேண்டும் என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் சொல்லக்கூடிய முதன்மையான செய்தி. நம் ஊர் வரப்புகள் நேராகப் போவதில்லை. அவை தண்ணீர் ஓடிய வழியையும், அண்ணன் தம்பி பாகம் பிரித்த வழியையும் பின்பற்றி வளைந்தே போகும். எஃப்.எம்.பி. என்று நாங்கள் சொல்லும் புல அளவைப் படங்களில், இப்படி வளைந்து போகும் வரப்புகளை எதையும் பொருட்படுத்தாமல் ஒரு நேர்கோடு குறுக்கே வெட்டிச் சென்று, அதையொட்டி உட்பிரிவுகள் புதிதாகப் பிறந்திருந்தால், அது சாலை, இரயில் பாதை, கால்வாய், ஓடுபாதை ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். சாலையும் இரயில் பாதையும் எங்காவது போய்ச் சேரும். கால்வாய் சரிவைப் பார்த்து வளையும். இரண்டு பக்கமும் எங்கும் போய்ச் சேராமல், வெட்ட வெளியில் தொடங்கி வெட்ட வெளியில் முடியும் நேர்கோடு ஓடுபாதை ஒன்றுதான். இந்த அடையாளம் தெரிந்துவிட்டால், விமானத் தளம் என்ற சொல்லே எழுதப்படாத ஆவணத்திலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது உடைமை. போர்க்காலத்தில் நிலம் இரண்டு வழிகளில் அரசின் கைக்குப் போனது. 1894ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டப்படி விலை நிர்ணயித்து நிரந்தரமாக எடுத்துக்கொள்வது ஒரு வழி. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளைக் கொண்டு, போர்த் தேவை தீரும்வரை இழப்பீடு தந்து வைத்துக்கொள்வது மற்றொரு வழி. முதலாவது அரசிதழில் அறிவிப்பாக வரும். பதிவேட்டில் உட்பிரிவாகவும் பெயர் மாற்றமாகவும் தடம் விட்டுச் செல்லும். இரண்டாவதில் பட்டாதாரர் பெயர் அப்படியே இருக்க, நிலத்தில் மட்டும் பட்டாளம் இருக்கும். ஒரே ஊரில் ஒரு வீட்டார் ‘எடுத்தது எடுத்ததுதான்’ என்றும், அடுத்த வீட்டார் ‘சண்டை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துட்டாங்க’ என்றும் சொல்லும்போது, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். சென்னை எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட நிலம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் பாதி நாள் மிச்சமாகும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்கு மாதம் அதிலிருந்து குறிப்பெடுத்தேன். சர்வே எண்கள் பொருந்தின, பரப்பு மட்டும் எங்கோ இடித்தது. கடைசியில் பார்த்தால் அது பெயர் ஒத்த இன்னொரு கிராமத்தின் பதிவேடு. சர்வே எண்கள் கிராமந்தோறும் ஒன்றிலிருந்து தொடங்குபவை என்பதைப் புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். மேலட்டையிலிருந்த கிராம எண்ணைப் பார்க்கவில்லை. இது தவிர, 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுப் பணியில் ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின, பல இடங்களில் உட்பிரிவு எண்களும் மாறின. எனவே இன்றைய பட்டாவிலுள்ள எண்ணைக் கொண்டு 1942ஆம் ஆண்டின் பதிவேட்டில் தேடக் கூடாது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்க வேண்டும். வில்லங்கச் சான்று இணையத்தில் எட்டாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நேரடித் தேடல் கேட்க வேண்டும். அங்கே நிதானம் தேவைப்படும்.

காகிதத்துக்கு அடுத்து மனிதர்கள். அப்பத்தாவின் பேச்சை 1996இல் இரண்டு ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தேன். அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பது இப்போது கேட்டுப் பார்க்கும்போது தெரிகிறது. “எந்த வருஷம் அப்பத்தா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன், “வெள்ளைக்காரன் இருந்த வருஷம்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கூலி எவ்வளவு என்று கேட்டால் ஒரு நாடாவில் நாலணா, மறு நாடாவில் ஆறணா. எண்களை நினைவிலிருந்து கேட்டு வாங்குவது வீண் வேலை. ஆனால் இரண்டாவது நாடாவில், நான் எதுவும் கேட்காமலே, “ஒங்க அத்தை வயித்துல ஏழு மாசம்ப்பா, மழையில நனைஞ்ச சரளையைக் கூடை கூடையாச் சுமந்தேன், நடக்கவே முடியாது” என்று சொல்கிறார். அத்தையின் ஜாதகம் வீட்டில் இருக்கிறது. சித்திரபானு வருஷம் தை மாதம். சித்திரபானு 1942 ஏப்ரல் நடுவிலிருந்து 1943 ஏப்ரல் நடுவரை. தை என்றால் 1943 ஜனவரி, பிப்ரவரி. ஏழு மாதக் கர்ப்பம் என்றால் ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. மதுரைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். நனைந்த சரளைக்கும் கனத்த கூடைக்கும் கணக்குச் சரியாக வந்தது.

அதிலிருந்து, முதியவர்களிடம் ஆண்டு கேட்பதையே விட்டுவிட்டேன். யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, யார் கைக்குழந்தை, எந்தக் கண்மாய் நிறைந்திருந்தது, கள்ளழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்னா பின்னா என்று கேட்பேன். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் உடனே மாற்றிக் கணக்கிட ஒரு சிறு அட்டை சட்டைப் பையில் இருக்கும்: விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்ற ஐந்தும் 1941 ஏப்ரலிலிருந்து 1946 ஏப்ரல் வரை வரிசையாக வருபவை. கொழும்பில் குண்டு விழுந்தது விஷு வருஷப் பங்குனிக் கடைசியில், புத்தாண்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால். ‘பங்குனியில பயம் வந்துச்சு, அடுத்த வருஷம் வேலை வந்துச்சு’ என்று வலையன்குளத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதை முதலில் கேட்டபோது ஓராண்டு இடைவெளி என்று எழுதிவிட்டேன். பங்குனி முடிந்தால் அடுத்த நாளே அடுத்த வருஷம் என்பது எனக்குப் பிறகே உறைத்தது.

நினைவு இதைவிடப் பெரிதாகவும் ஏமாற்றும். அவனியாபுரத்தில் ஒருவர், சண்டை நேரத்தில் மதுரையில் இறங்க வந்த பட்டாளத்து விமானம் ஒன்று மலையில் மோதி நிறையப் பேர் இறந்தார்கள் என்று உறுதியாகச் சொன்னார். அவர் நாணயமானவர், கதையிலும் பொருத்தமான விவரங்கள் இருந்தன. நான் இரண்டு மாதம் 1942க்கும் 1945க்கும் இடையே அந்த விபத்தைத் தேடினேன். அவர் சொன்ன விபத்து உண்மையில் நடந்ததுதான், ஆனால் 1971 டிசம்பர் 9ஆம் தேதி. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ பயணிகள் விமானம் சின்னமனூருக்கு அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தனர். அந்த வாரம் வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தது. எனவே ‘சண்டை நேரம்’ என்பதும் சரியே. விமானம் மட்டும் அவர் நினைவில் மெல்லப் பட்டாளத்து விமானமாகிவிட்டது. ‘சண்டை’ என்று ஒருவர் சொன்னால் எந்தச் சண்டை என்று கேட்க வேண்டும் என்பது அற்பமான பாடமாகத் தோன்றலாம். எனக்கு அது இரண்டு மாதம்.

பொருள்களும் சாட்சி சொல்லும், ஆனால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஒரு மாட்டுக் கொட்டத்தில் தட்டியாக நிறுத்தியிருந்த, வட்ட வட்ட ஓட்டைகள் போட்ட கனத்த இரும்புத் தகடு ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஓரத்தில் கொக்கியும் துளையும். ஒன்றோடொன்று மாட்டி, சேற்று நிலத்தின்மேல் அவசர ஓடுபாதை விரிப்பதற்காக அமெரிக்கர்கள் இலட்சக்கணக்கில் செய்த போர்க்காலத் தகடு அது. மதுரை ஓடுபாதை இரும்புத் தகட்டில் போடப்பட்டது என்று அன்றிரவே எழுதி வைத்தேன். மறுவாரம் அந்த வீட்டுக்காரரிடம் நிதானமாகக் கேட்டபோது, அவருடைய அப்பா அதைப் போருக்குப் பிந்தைய உபரிப் பொருள் ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து, வேறு ஊரில், பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தது தெரிந்தது. தகடு போர்க்காலத்தது; இந்த ஊரின் ஓடுபாதையோடு அதற்கு உறவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.

வெளிநாட்டு ஆவணங்களைப் பற்றி இப்போது சொல்லலாம். பிரிட்டிஷ் வான்படையின் ஒவ்வொரு பிரிவும் மாதந்தோறும் செயற்பதிவேடு எழுதி வந்தது. அதில் நாள்வாரிச் சுருக்கம் 540ஆம் எண் படிவம், பறப்பு விவரம் 541ஆம் எண் படிவம். இவை இலண்டனை அடுத்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், படைப்பிரிவுகளுக்கு ‘ஏர் 27’, தளங்களுக்கு ‘ஏர் 28’, பிற பிரிவுகளுக்கு ‘ஏர் 29’ என்று வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. படைப்பிரிவுப் பதிவேடுகளை இணையத்தில் எளிதாகப் பெறலாம் என்பதால் எல்லாரும் 27ஐப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். தளத்தின் வாழ்க்கை, அதாவது தண்ணீர் தட்டுப்பாடு, மழையில் பாதை மூழ்கியது, மலேரியா, கூலியாட்கள், ஒப்பந்தக்காரரோடு தகராறு போன்றவை இருக்க வேண்டுமானால் அவை 28, 29இல்தான் இருக்கும். என்னைப் போல நிலத்திலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தேடுவதற்கு எழுத்துக்கூட்டல் முக்கியம். பழைய ஆங்கில ஆவணங்களில் நம் ஊர் ‘மதுரா’. அந்தப் பெயரில் தேடினால் ஜாவாவுக்குப் பக்கத்திலுள்ள மதுரா தீவு வரும். 1940இல் பிரான்ஸிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த ‘மதுரா’ என்ற கப்பல் வரும். உத்தரப் பிரதேசத்து மதுரா வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தாலும், கவனக்குறைவாகப் பட்டியலிட்டவர்களால் இதற்குள் நுழைந்துவிடும். ஜப்பானியர் ஆட்சியிலிருந்த அந்தத் தீவின் விமானத் தளச் செய்தி ஒன்றை நம் மதுரைக்குப் போட்டு, பெருமையோடு நண்பர்களுக்கு அனுப்பிய நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. தேடும்போது திருச்சினாப்பள்ளி, ராம்நாட் என்று அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தீவும் கப்பலும் விலகிவிடும்.

இதற்கு மாறாக, தமிழ் தெரிந்திருப்பதே கைகொடுத்த இடமும் உண்டு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பிரிட்டிஷ் கடற்படை தன் தரைத் தளங்களையும் கப்பல்களாகவே கருதிப் பெயர் வைக்கும். அதிலும் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர்கள். தென்னிந்தியாவில் அவர்கள் வைத்த பெயர்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். சூலூரிலிருந்தது ‘வைரி’. தாம்பரத்திலிருந்தது ‘வல்லூறு’. கொச்சியிலிருந்தது ‘கழுகு’. கோயம்புத்தூரிலிருந்தது ‘கருடா’. ஆங்கிலக் கட்டுரைகளில் இவை பொருள் தெரியாத ஒலிகளாக, எழுத்துக்கூட்டல் சிதைந்து நிற்கும். நமக்கோ பார்த்தவுடன் இறக்கை விரிகிறது. இந்தியக் கடற்படையும் இந்த வழக்கத்தைத் தொடர்ந்தது: அரக்கோணம் தளம் 1992இல் ‘ராஜாளி’ ஆயிற்று, இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளித் தளம் 2009 மார்ச்சில் ‘பருந்து’ என்ற பெயரோடு பணியில் சேர்ந்தது. 2012இல் அங்கே ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்றும் அமைந்தது. பாக் நீரிணையின் ஓரத்தில் வட்டமிடுவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ஆவணத்தின் வயதை அறியவும் பெயர்கள் உதவும். 1932இல் தொடங்கிய இந்திய வான்படைக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி 1945 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. 1950இல் குடியரசானதும் அது நீங்கியது. ஒரு வீட்டுக் கூடத்தில் 1942ஆம் ஆண்டுச் சான்றிதழ் என்று காட்டப்பட்ட தாளில் ‘ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால், அது மூன்றாண்டாவது பிந்தியது. இதை அந்த வீட்டுப் பெரியவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. நான் சொல்லவில்லை, என் குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்றை நம்பக் கூடாது என்பதற்கு என் எழுத்தே சான்று. மதுரைக்கு முதல் பயணிகள் விமானம் 1956இல் வந்தது, அது ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் விமானம் என்று பல இடங்களில் ஒரே வாசகமாகக் காணப்படும். நானும் ஒரு விழா மலரில் அப்படியே எழுதினேன். விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார்: அந்த ஃபோக்கரின் முதல் மாதிரி பறந்தது 1955 நவம்பரில், அது விமான நிறுவனங்களின் சேவைக்கு வந்தது 1958இல், பிறகு 1956இல் மதுரைக்கு வந்தது எது? ஆண்டு, விமானம் இரண்டில் ஒன்று தவறு என்பது கணக்குப் போட்டுப் பார்க்கிற எவருக்கும் தெரியும். நான் போட்டுப் பார்க்கவில்லை. அன்றுமுதல் ஒரு வாக்கியத்தில் ஆண்டும் பொருளும் சேர்ந்து வந்தால், அந்தப் பொருள் அந்த ஆண்டில் இருந்ததா என்பதைத் தனியாகச் சரிபார்க்கிறேன். பத்து இடங்களில் ஒரே வாசகம் இருந்தால் அது பத்துச் சான்று ஆகாது. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

வரைபடங்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் வரிசையில் மதுரை விமான நிலையம் இருக்கும் இடம் 58 கே பிரிவின் முதல் தாள். அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு 1950களில் வெளியிட்ட, இரண்டரை இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைவிடப்பட்ட ஓடுபாதைகளும் அதில் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1960க்கும் 1972க்கும் இடையே எடுக்கப்பட்டு 1995இல் வெளியிடப்பட்ட கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள், புதிய கட்டடங்களும் நான்குவழிச் சாலைகளும் வருவதற்கு முந்தைய மண்ணைக் காட்டுகின்றன. வேனிற்காலப் படமாகத் தேடி எடுங்கள்; பயிரில்லாத காலத்தில்தான் பழைய சரளைப் பாதையும், விமானம் நிறுத்திய வளைவுகளும், அடைபட்டுப்போன வரத்துக்கால்களும் நிற வேறுபாட்டால் துலங்கும். ஓடுபாதை தண்ணீரை மறிக்கும் என்பதால், எந்தக் கண்மாய்க்கு எந்தப் பக்கத்திலிருந்து வரத்து நின்றது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதைப் படத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

நேரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விமான நிலையத்துக்குள் அனுமதியின்றிப் படம் எடுப்பதை 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 13ஆம் விதி தடுக்கிறது. இராணுவத் தளங்களுக்கு 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டமும் பொருந்தும். டிரோன் பறக்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். 2021ஆம் ஆண்டின் விதிகளில் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நான் ஒரு தளத்தின் வேலிக்கு வெளியே நின்ற பழைய எல்லைக் கல்லைப் படமெடுக்கப் போய், வெயிலில் இரண்டு மணி நேரம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. கல்லின்மேல் ஆசைப்பட்ட சர்வேயர் என்று என் அடையாள அட்டையைப் பார்த்து அவர்கள் நம்பியது என் நல்லூழ். அதன் பிறகு அளவும் குறியும் கையால் வரைந்துகொள்கிறேன்.

ஒரு தளத்தை மட்டும் தனியாக எடுத்து எழுதினால் அதன் போக்கு விளங்காது. கூடப் பிறந்தவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 2013 மே மாதம் விமானப்படை நிலையமாயிற்று. 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் படைப்பிரிவு அங்கே அமைந்தது. சூலூர் இன்று தேஜஸ் விமானங்களின் இருப்பிடம். கயத்தாற்று ஓடுபாதையின் எச்சம் வெட்டவெளியில் வெயில் காய்கிறது. மதுரை குடிமக்களின் விமான நிலையமாக வளர்ந்தது: கிழக்கு மேற்காக, 09, 27 என்று எண்ணிட்ட இன்றைய ஓடுபாதை 2,285 மீட்டர், புதிய முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது, 2012 செப்டம்பரில் கிளம்பிய முதல் பன்னாட்டு விமானம் போன ஊர் கொழும்பு. எந்த ஊரில் விழுந்த குண்டால் இந்த மண் விமானத் தளமாயிற்றோ அந்த ஊருக்கு.

இப்போது ஓடுபாதை மறுபடி நீளப் போகிறது. விரிவாக்கத்துக்காக அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பாப்பானோடை, இராமன்குளம் முதலான ஊர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. சின்ன உடைப்பு என்ற ஊரின் மக்கள் மாற்றிடம் கேட்டு 2024இல் போராடியதை எல்லாரும் செய்தியில் படித்திருப்பார்கள். அந்த வழக்கின் நியாயங்கள் இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ளவை. என் வேலை சிறியது: வீடு பெயரும்போது முதலில் தொலைவது பழைய பத்திரக் கட்டு என்பதால், வாரத்தில் இரண்டு நாள் ஒரு கைப்பையும் வருடியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். 1930களிலிருந்து 1950கள்வரை எழுதிய பத்திரமாகப் பார்த்து, நான்கெல்லை வரியை மட்டும் கேட்டு நகலெடுத்து, அங்கேயே பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். விலையையும் பெயரையும் துணியால் மூடிவிட்டுத்தான் படமெடுப்பது, இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

போன மாதம் ஓர் அம்மா, பெட்டியடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பத்திரத்தை நான் படித்துக்கொண்டிருக்கும்போது, “இதுல என்னதான்ய்யா தேடுற?” என்று கேட்டார். ‘ஏரோட்ரோம்’ என்ற சொல்லைத் தேடுகிறேன் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, உள்ளே போய், தன் மாமியார் வீட்டுப் பத்திரம் ஒன்று தகரப் பெட்டியில் கிடப்பதாகச் சொல்லி அதையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதில் கிழக்கெல்லை ‘சர்க்கார் பிளேன் மைதானத்துக்கு மேற்கு’ என்றிருந்தது. அந்தச் சொற்றொடரை அதுவரை எந்தப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, கூடத்தில் ஒட்டிவைத்த வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்க்க வீட்டுக்குக் கிளம்பினேன்.